டயாலிசிஸ் இடம் ஒன்று, காத்திருப்பவர்கள் மூன்று பேர். காரணத்தைச் சொல்லலாமா?

கேள்வி: இரவுப்பணி
அரசு மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவில் 11 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். ஒருவருக்கு வாரம் 3 தடவை, தடவைக்கு 4 மணி நேரம் மெஷின் வேண்டும். போன வாரம் ஒரு இடம் காலியானது. நோட்டில் மூன்று பெயர்கள்: முதலில் பதிந்த பெரியவர், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய், பொட்டாசியம் ஏறி இரண்டு தடவை அவசர டயாலிசிஸில் பிழைத்த பையன். டாக்டர் பையனுக்கு எழுதினார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் பெரியவரின் மகள் வந்து, "எங்கப்பா பேரை ஏன் தள்ளினீங்க சிஸ்டர்?" என்று கேட்டபோது, "மேலே கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். மூன்று நாளாக உறுத்துகிறது.

பதில்: பழைய டாக்டர்
முடிவு சரிதான். ஆனால் தாயைப் பற்றி எழுதும்போது 'இரண்டு பிள்ளைகள்' என்று குறித்திருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் வழுக்கும். 1960களின் தொடக்கத்தில் சியாட்டிலில் டயாலிசிஸ் யாருக்கு என்று தீர்மானிக்க ஒரு குழு வைத்தார்கள். வேலை, குடும்பம், தேவாலயத்துக்குப் போகிறாரா என்பதெல்லாம் பார்த்தார்கள். யார் வாழத் தகுதியானவர் என்ற கேள்வியாக அது மாறிப்போனது. 1972இல் அமெரிக்க அரசே செலவை ஏற்கச் சட்டம் வந்த பிறகுதான் அந்த இக்கட்டு தீர்ந்தது. உடல்நிலையை மட்டும் பாருங்கள்.

பதில்: கணக்குப்பிள்ளை
சூத்திரத்தை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம், எந்தச் சிகிச்சைகளுக்கு அரசு பணம் தருவது என்று தீர்மானிக்க 1990இல் செலவையும் பலனையும் கணக்கிட்டு ஒரு பட்டியல் போட்டது. அதில் குடல்வால் அறுவைக்கு மேலே பல்லுக்கு மூடி போடுவது வந்து நின்றது! அப்புறம் முறையையே மாற்றினார்கள். பிரிட்டனில் எந்தச் சிகிச்சைக்கு அரசு பணம் தரலாம் என்று சொல்லும் நைஸ் அமைப்பும் கணக்குதான் போடுகிறது. ஆனால் காரணத்தை வெளியிடுகிறது, மேல்முறையீட்டுக்கும் இடம் உண்டு.

பதில்: ஒரு மகள்
அம்மாவின் மூட்டு அறுவை இரண்டு முறை தள்ளிப்போனது. யாரும் வாய் திறக்கவில்லை, ஆத்திரமாக வந்தது. கடைசியில் ஒரு சிஸ்டர் உட்காரவைத்து, "முன்னாடி ஆறு பேர், எல்லோருக்கும் இடுப்பெலும்பு முறிவு" என்றார். அம்மாவே, "சரி, அவங்களுக்கு முடியட்டும்" என்றார். சொல்லுங்கள் சிஸ்டர்.

இரவுப்பணி
பையனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆனால் எந்த நிலையில் இருப்பவருக்கு முதலிடம் என்பதைச் சொல்லலாம் அல்லவா? அந்த விதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லி டாக்டரிடம் இன்று கேட்டேன். ஒப்புக்கொண்டார். வியாழக்கிழமை அந்த மகள் வருகிறார். உட்காரவைத்துப் பேசப் போகிறேன்.