பழ அழகுச் செடிகளின் விதைகளைக் குளிரூட்டித்தான் விதைக்க வேண்டுமா?

திருவொற்றியூர் மாடித்தோட்டம்:
வணக்கம். பூவைவிடப் பழத்தின் நிறத்துக்காக வளர்க்கப்படும் புதர்ச்செடிகளை விதையிலிருந்து வளர்த்து, மாடிச் சுவரோரம் வரிசையாக வைக்க விரும்புகிறேன். டுராண்டா, களா, காமினி ஆகியவை மனத்தில் உள்ளன. விதைகளை ஈர மணலில் பொதிந்து, மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வைத்த பிறகே விதைக்க வேண்டும் என்று காணொளிகள் பலவற்றில் சொல்கிறார்கள். இது நம் ஊருக்கும் பொருந்துமா? கடற்காற்று நேராக வீசும் மாடி. வீட்டில் சிறு குழந்தைகளும் உண்டு.

பெரம்பூர்வாசி:
பொருந்தாது. அந்த முறை கோட்டோனியாஸ்டர், ஹாலி போன்ற குளிர்நாட்டுச் செடிகளுக்கு உரியது. அங்கே பழுத்து விழும் விதை உடனே முளைத்தால் நாற்று பனியில் கருகிவிடும் என்பதால், ஒரு குளிர்காலம் கழிந்த பின்னரே கலையும் உறக்கம் அதனுள் அமைந்திருக்கிறது. ஹாலி விதை முளைக்க இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகும். ஃபிரிட்ஜ் அந்தக் குளிர்காலத்துக்கு மாற்று, அவ்வளவே. களா, காமினி விதைகளோ காத்திருக்கப் பழகாதவை. உலர்ந்தால் முளைப்புத்திறனை விரைவில் இழந்துவிடும். கறிவேப்பிலைப் பழத்தைப் பறித்த கையோடு ஊன்றுகிறோம் அல்லவா, காமினியும் அதே குடும்பம்தான். நன்கு கனிந்த பழத்தைப் பிசைந்து, முளைப்பைத் தடுப்பதோடு எறும்பையும் பூஞ்சணத்தையும் வரவழைக்கும் சதையை முழுவதும் கழுவி நீக்கி, அன்றோ மறுநாளோ விதையின் பருமனளவு ஆழத்தில் ஊன்றுங்கள். களாப் பழத்தின் பால் விரலில் பிசின்போல் ஒட்டும் என்பதால் முதலில் கையில் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது.

வியாசர்பாடி செடிப்பிரியர்:
டுராண்டாவின் ஒரு பழத்தில் நான்கு கொட்டைகளும், ஒவ்வொரு கொட்டையிலும் இரண்டு விதைகளும் இருப்பதால் ஒரே குழியில் இரட்டை நாற்று எழக்கூடும். ஆனால் முளைப்பு சீராக இராது. நன்றாகக் காய்க்கும் செடியிலிருந்து குச்சி வெட்டி நடுவதே எளிது. பூங்கா வேலிகளில் அது காய்க்காததற்குக் காரணம், கிளை நுனியில் பூக்கும் செடியின் நுனியை ஓயாமல் கத்தரிப்பதுதான். எனினும் உங்கள் வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆரஞ்சு மணிகளாகத் தொங்கும் அந்தப் பழம் நஞ்சுடையது, அதுவும் குழந்தைகளின் கண்ணை முதலில் ஈர்ப்பது.

திருவொற்றியூர் மாடித்தோட்டம்:
இருவருக்கும் நன்றி. டுராண்டாவைக் கைவிடுகிறேன். உப்புக்காற்றைக் களா தாங்குமா? எங்கள் போர் தண்ணீரும் உப்புக் கரிக்கும்.

எண்ணூர்க்காரர்:
வளர்ந்த களா வறட்சியையும் ஓரளவு உப்பையும் தாங்கும். நாற்றுக்கு அந்த வலு கிடையாது. ஆகவே முளைக்கும் பருவத்தில் மெட்ரோ தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ ஊற்றுங்கள். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதாயின், அதிலும் உப்பு இருக்கும் என்பதால் பலமுறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலவையில் சேருங்கள். வடகிழக்குப் பருவமழையில் தொட்டியில் நீர் தேங்கினால் நாற்றின் அடித்தண்டு அழுகும். மணலைச் சற்று கூட்டிக்கொள்ளுங்கள். களாப் பழம் ஊறுகாய்க்கு ஆகும், பயமில்லை. முள்தான் நீளமானது, கவட்டையாகப் பிரிவது. அதைக் குழந்தைகள் நடமாடாத கடல் பக்கத்தில் வைத்து, காற்றுக்கு மறைவாக அதன் உட்புறம் காமினித் தொட்டிகளை வரிசைப்படுத்துங்கள்.