அம்பாசடர் மார்க் 2: டேப்பட் கவர்ல பேக்கிங் நிக்கவே மாட்டேங்குது

ஆனையூர்:
1489 சிசி பெட்ரோல் இன்ஜின். டேப்பட் கவர் (இன்ஜின் மேல வால்வுகளை மூடுற தகட்டு மூடி) பேக்கிங் மூணு தடவை மாத்தியாச்சு. பத்து நாள் தாங்குது, அப்புறம் ஆயில் ஓரமா வடிஞ்சு, சூடான மேனிபோல்டுல (புகை வெளிய போற குழாய்த் தொகுதி) பட்டுக் கருகி காருக்குள்ள வாடை அடிக்குது. பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ற கூடு) அடியிலயும் சொட்டு இருக்கு. ஆண்டிபட்டி கணவாய் ஏறிட்டு வந்தா ரெண்டுமே அதிகம். பேக்கிங்குக்குக் கார்க் நல்லதா, ரப்பர் நல்லதா? கிராங்க் தண்டோட பின்பக்க ஆயில் சீலை மாத்த இன்ஜினை இறக்கணுமா?

பழங்காநத்தம்:
அண்ணே, இன்ஜினை இறக்காதீங்க. இந்த மூணு மெயின் பேரிங் இன்ஜின்ல பின்னாடி ரப்பர் சீலே கிடையாது. கிராங்க்ல வெட்டின திருகுப் பள்ளம்தான் ஆயிலை உள்ளுக்குத் தள்ளும். உள்ள காத்து அடைபட்டு அழுத்தம் ஏறுச்சுன்னா அது தோத்துடும். மேல பேக்கிங் பிதுங்குறதுக்கும் அதே அழுத்தம்தான் காரணம்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வர்ற கேஸ் வெளிய போக ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு டேப்பட் கவர்ல இருந்து ஏர் கிளீனருக்குப் போற ஹோஸ். இன்னொண்ணு மேனிபோல்டுக்குக் கீழ, முன் சைடு கவர்ல இருந்து இறங்குற பிரீத்தர் பைப். வண்டி ஓடுறப்ப அடியில போற காத்துதான் அந்தப் பைப் வழியா கேஸை இழுக்குது. மாசி வீதியில ஊர்ந்து போறப்ப இழுவை இருக்காது, ஹோஸை நம்பித்தான் இருக்கணும்.

இன்ஜினைச் சூடாக்கி, ஐடில்ல ஆயில் மூடியைக் கழட்டி வாய் மேல மெல்லிசு பாலித்தீன் தாளை வைங்க. லேசாத் துடிச்சா சரி. தூக்கி எறிஞ்சா, ஒண்ணு அந்த வழிகள்ல அடைப்பு, இல்ல ரிங் தேஞ்சு போயிருக்கு.

சைடு கவர் ஒரே போல்ட்தான், ஆனா மேனிபோல்டு கையை மறைக்கும், ஆறவிட்டுத் தொடுங்க. கவரைப் பைப்போட டீசல்ல ஒரு ராத்திரி ஊறப்போட்டு, சைக்கிள் பிரேக் கம்பியை விட்டு இழுங்க. வளைவுலதான் தார் மாதிரி இறுகியிருக்கும். ஹோஸை வெளிய பாத்து ஏமாறாதீங்க, உள் ரப்பர் உப்பி ஓட்டையை மூடியிருக்கும். ரேடியேட்டர் ஹோஸ் துண்டு வேண்டாம், ஆயில்ல ஊறிப்போகும். ஆயில் தாங்குற ஹோஸ்னு கேட்டு வாங்குங்க.

அப்புறம் பேக்கிங். கார்க்கே போதும். கவரைக் கண்ணாடி மேல கவிழ்த்து, ஓரத்துல 10 தவ் ஃபீலர் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு; ஒரு தவ்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) நுழையுதான்னு பாருங்க. நுழைஞ்சா மரக்கட்டை வச்சுத் தட்டி நேராக்கணும். கார்க்கைக் கவர் பக்கம் மட்டும் ஒட்டி, ஹெட் பக்கம் கிரீஸ் தடவுங்க. கவர் நட்டுக்கு 0.5 கிலோகிராம்-மீட்டர் டார்க் (முறுக்கு அளவு), அதாவது சின்ன ஸ்பேனரை ரெண்டு விரலால இழுக்கிற அளவு. கூட முறுக்குனா தகடு குழிஞ்சு ஓரம் தூக்கிக்கும், மூணு பேக்கிங் போனதுல இதுக்கும் பங்கு இருக்கலாம். நட்டுக்கு அடியில இருக்கிற ரப்பர் புஷ் கல்லாயிருந்தா அதையும் மாத்துங்க.

கவர் திறந்திருக்கிறப்பவே டேப்பட் இடைவெளியும் பாத்துடுங்க: சூட்டுல 15 தவ். 8-ஆவது வால்வு முழுசாத் திறந்திருக்கிறப்ப 1-ஆவதை அளங்க, 7-ஆவது திறந்தா 2-ஆவதை, இப்படி ரெண்டு நம்பரையும் கூட்டினா 9 வரணும்.

திருநகர்:
புது கார்ல இருக்கிற பிசிவி வால்வை (இன்ஜினுக்குள்ள சேர்ற கேஸை மறுபடி எரிக்க அனுப்புற வால்வு) காத்தும் பெட்ரோலும் உள்ள போற இன்டேக் மேனிபோல்டுல சேத்துட்டா இழுவை நல்லா இருக்குமே?

பழங்காநத்தம்:
சும்மா சேத்தா கெடுதல்தான். வால்வு வழியா வர்ற காத்தால ஐடில்ல மிக்சர் மெலியும் (காத்து கூடிப் பெட்ரோல் குறையும்), கார்பரேட்டரைத் திரும்ப செட் பண்ணணும். உள்ள வர்ற காத்துக்கு ஃபில்டர் வச்ச ஆயில் மூடியும் வேணும், பழைய பிரீத்தர் பைப்பை அடைக்கவும் வேணும். இல்லன்னா ரோட்டுப் புழுதியை இன்ஜினே உறிஞ்சிக்கும். ரிங் தேஞ்ச இன்ஜினா இருந்தா ஆயிலையும் குடிக்கும்.

ஆனையூர்:
பைப்போட கீழ் வாயில யாரோ துணி திணிச்சிருக்காங்க! எடுத்துட்டு ஹோஸும் மாத்தினேன். தாள் இப்ப பறக்கல, ஆனா நல்லாவே துடிக்குது.

பழங்காநத்தம்:
சொட்டு நிக்கணும்னு திணிச்சிருப்பாங்க. அந்தப் பைப் நுனியில லேசா சொட்டுறது சகஜம், அடைக்கக் கூடாது.

தாள் துடிக்கிறதுக்குக் காரணம் தெரிய கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள ஏறுற அழுத்தம்) பாருங்க. நாலு பிளக்கையும் கழட்டி, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சு, ஸ்டார்ட்டரைச் சுத்தவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரா கேஜ்ல அளந்து எழுதிக்கோங்க. அப்புறம் சிலிண்டருக்கு ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்க. ஆயில் விட்டதும் அளவு ஏறுனா ரிங், ஏறலன்னா வால்வு. ரெண்டு வரிசை அளவையும் இங்க போடுங்க.