புதுப்பிப்பு: மலேசியாவின் தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் கூடாரத்துக்குள் ஈரம்

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பூங்காவின் நுழைவாயிலான கோலா தஹானில் தெம்பிலிங் ஆற்றங்கரையில் பிள்ளைகளோடு கூடாரம் போட்டால் உள்ளே ஈரமாகாமல் இருக்க என்ன வழி என்று கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம்.

அடியில் விரிக்கும் கித்தானின் ஓரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிராமல் கூடாரத்துக்கு அடியிலேயே மடக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. இரவு நல்ல மழை; தரை காய்ந்தே இருந்தது. ஆனால் விடியலில் மேல்துணியிலிருந்து மகளின் நெற்றியில் சொட்டுச் சொட்டாக நீர். ஒழுகல் இல்லை, எங்கள் மூச்சுக்காற்றுதான் குளிர்ந்து படிந்திருக்கிறது. மறுநாள் இரண்டு பக்கச் சன்னல்களையும் பாதி திறந்துவைத்தோம், கொசுவலை மட்டும் மூடியிருந்தது. சொட்டு நின்றுவிட்டது.

அப்புறம், ரொட்டிப் பையை வெளியே வைக்காதீர்கள். குரங்குகள் எங்களுடையதைக் கிழித்துவிட்டன.