தாலிக்குத் தங்கம்: பத்தாவது பாஸா, ஃபெயிலா?

மலைக்கோட்டை மணி: "தாலிக்குத் தங்கத்தை நிறுத்தியதுதான் பெண் படிப்புக்கு விழுந்த பெரிய அடி" என்று நேற்று இங்கே ஒரு மேதை எழுதியிருந்தார். ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு அரசு பணமும் தங்கமும் கொடுப்பது எப்படி ஐயா படிப்புத் திட்டம் ஆகும்? 2022இல் அதைப் புதுமைப்பெண் திட்டமாக மாற்றினார்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் விழுகிறது. இதற்குப் பெயர்தான் படிப்புத் திட்டம்.

சேலத்தான்: மேதை நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். பத்தாவது பாஸானால்தான் 25,000 ரூபாயும் 8 கிராம் தங்கக் காசும். டிகிரி, டிப்ளமோ என்றால் 50,000. அதற்காகவே பெண்ணைப் பள்ளியில் வைத்திருந்த அப்பன்மாரை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன்.

மலைக்கோட்டை மணி: பாஸானால்தானா? விதியைப் படித்தீர்களா? பத்தாவது வரை படித்திருந்தால் போதும், ஃபெயிலானாலும் உண்டு. பழங்குடிப் பெண் என்றால் ஐந்தாவதே போதும்.

சேலத்தான்: ஃபெயிலாக இருந்தால் என்ன? பத்தாவது வரை போனாளா இல்லையா?

மலைக்கோட்டை மணி: அதையல்ல நீங்கள் எழுதியது. "பாஸானால்தான்" என்று எழுதினீர்கள். மேலே அப்படியே இருக்கிறது.

தேன்மொழி: இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முன்பே மனு கொடுத்தோம். காசு கைக்கு வந்தபோது குழந்தைக்குக் காது குத்தியாகிவிட்டது. தாலிக்கு வராத தங்கம் தோட்டுக்கு ஆயிற்று. அப்புறம், இன்றைக்கு 1,000 ரூபாய் ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கே காணாது.

மலைக்கோட்டை மணி: பஸ்தான் இலவசமாயிற்றே சகோதரி.

தேன்மொழி: டவுன் பஸ்தான் இலவசம். எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்கு எந்த டவுன் பஸ் போகிறது? நீங்களே வந்து ஏற்றிவிடுங்கள்.

ஓரமாய் ஒருவன்: இதற்கு டெல்லி தேவலை. பேட்டி பச்சாவ், பேட்டி படாவ், அதாவது பெண் குழந்தையைக் காப்போம், படிக்க வைப்போம் என்று 2015இல் பானிபட்டில் தொடங்கினார்கள். நாடே பேசியது.

மலைக்கோட்டை மணி: பேசாமல் என்ன செய்யும்? 2016 முதல் 2019 வரை கொடுத்த பணத்தில் 78.91 சதவீதம் விளம்பரத்துக்கே போனது என்று நாடாளுமன்றக் குழுவே சொல்லிவிட்டது. சரி, சேலத்தான் எங்கே? பாஸா, ஃபெயிலா?

சேலத்தான்: இங்கேதான் இருக்கிறேன். பெண் சிசுவைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் எங்கள் சேலத்தில்தான் ஜெயலலிதா தொடங்கினார். பிறந்த பெண் உயிரோடு இருந்தால்தானே பள்ளிக்கும் போவாள், கல்லூரிக்கும் போவாள்? அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வராது.

மலைக்கோட்டை மணி: பேச்சை மாற்றாதீர்கள். கல்யாண உதவித் திட்டத்தை, தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் கொண்டுவந்ததே கலைஞர். தங்கம் 2011இல் வந்து ஒட்டிக்கொண்டது, அதுவும் முதலில் 4 கிராம். இந்த வரலாற்றை உங்களுக்குப் போன மாதம் சாதிவாரிக் கணக்கெடுப்புச் சண்டையிலேயே சொன்னேன். அன்றைக்கும் பதில் சொல்லாமல் ஓடினீர்கள்.

சேலத்தான்: ஓடினேனா? என் பதிவைப் புகார் செய்து தூக்க வைத்தது யார்?

தேன்மொழி: பெண் படிப்பைப் பற்றிப் பேசுகிற திரியில் எழுதுகிற பெண் நான் ஒருத்திதான். என் டவுன் பஸ் கேள்விக்குப் பதிலே காணோம்.

மலைக்கோட்டை மணி: வருகிறேன் சகோதரி. முதலில் இவர் "பாஸானால்தான்" என்று எழுதியதை எடுக்கட்டும்.

சேலத்தான்: எடுக்க முடியாது.