மெட் வார்னிஷ் வெளுத்துவிட்டது, படத்திலும் பொம்மையாகவே தெரிகிறது: 1/72 ஹரிக்கேன்

கல்லடிப்பாலம்:
வணக்கம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அங்குள்ள சீனக்குடா விமானத்தளத்திலிருந்து எழும்பிய பிரித்தானிய 261ஆம் ஸ்குவாட்ரனின் (போர் விமானப் பிரிவு) ஹரிக்கேன் ஒன்றை, உண்மையில் 72இல் ஒரு பங்கு அளவான பிளாஸ்டிக் மாதிரியாகச் செய்கிறேன். எங்கள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதும் அதே நாளில்தான் என்பதால் இதை ஒழுங்காக முடிக்க ஆசை. டெக்கல் (ஒட்டுகிற குறிகள்) வரை எல்லாம் சரி. கடைசியில் ஸ்ப்ரே டின்னில் மெட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்தேன், காய்ந்ததும் இடது இறக்கை பால் படிந்ததுபோல வெளுத்துவிட்டது. இங்கே நாலு நாளாக விடாத மழை. பெயின்டை உரிக்கத்தான் வேண்டுமா?
இன்னொன்று. பழசாகத் தெரிய வேண்டும் என்று உடம்பு முழுக்கப் பஞ்சால் வெள்ளிப் பெயின்ட் ஒற்றியிருக்கிறேன். ஆனாலும் போனில் படம் எடுத்தால் பொம்மைதான். என்ன செய்யலாம்?

கல்முனைக்குடி:
தம்பி, உரிக்காதீங்க. முதலில் விரலால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்க. மா மாதிரிக் கையில் ஒட்டினால், தூரத்திலிருந்து அடித்ததில் வார்னிஷ் காற்றிலேயே காய்ந்து விழுந்திருக்கு. ஒட்டாமல் உள்ளுக்குள் வெண்மை நின்றால் அது ஈரம். டின்னிலிருந்து வரும் வாயு ஆவியாகும்போது சில்லென்று குளிரும், மழைக்காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த பெயின்டில் படிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும்.
இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: அதன்மேல் மெல்லிசாகக் குளோஸ் (பளபளக்கிற வார்னிஷ்) அடியுங்க. பெரும்பாலும் வெண்மை மறைந்து நிறம் திரும்பி வந்துவிடும். முதலில் வயிற்றுப் பக்கம் சின்ன இடத்தில் பார்த்துக்கொள்ளுங்க. பிறகு வெயில் எறிக்கிற நாளில், காலை பத்து மணிக்குப் பிறகு மெட். டின்னை இளஞ்சூட்டுத் தண்ணியில் கொஞ்ச நேரம் வையுங்க. கொதிநீர் வேண்டவே வேண்டாம், டின் வெடிக்கும். மாரி மாதத்தில் நான் டின்னைத் தொடுவதே இல்லை, தூரிகையால் பூசுகிற வார்னிஷ்தான். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் எல்லாவற்றையும் சேர்த்து அடிப்பேன்.

வாவிக்கரை:
வார்னிஷ் விஷயம் கல்முனைக்குடிக் காக்கா (அண்ணன்) சொன்னதுதான். எனக்கு உறுத்துவது அந்த வெள்ளிப் பெயின்ட். ஹரிக்கேனில் விமானி இருக்கைக்குப் பின்னால் உடம்பு தகடே இல்லை. இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் மரக்கீற்று, அதன்மேல் துணி. வால், சுக்கான், எலரோன் (இறக்கையின் பின்னோரத்தில் அசைகிற பகுதி) எல்லாமே துணிதான். வெள்ளி என்றால் பெயின்ட் உரிந்து தெரிகிற தகடு, துணியில் அது எப்படித் தெரியும்? தெரிந்த ஆள் பார்த்தால் முதலில் கண் போவது அங்கேதான். பின்பக்கத்து வெள்ளியை மூடிவிட்டு, அதே பச்சையில் துளி வெள்ளை கலந்து, துணி மேடாக நிற்கிற வரிகளில் மட்டும் மங்கலாகத் தடவுங்க.
முன்பக்க எஞ்சின் மூடித் தகடுகளிலும், ஆட்கள் ஏறி மிதிக்கிற, இறக்கை உடம்போடு சேருகிற இடத்திலும் வெள்ளி இருக்கலாம். அதுவும் ஊசிமுனை அளவு. 1/72இல் ஒரு மில்லிமீட்டர் பொட்டு என்றால் உண்மை விமானத்தில் ஏழு சென்ரிமீட்டர். உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உரிந்த விமானம் என்றாகிவிடும்.
வயதையும் யோசியுங்க. அந்த ஸ்குவாட்ரன் 1942 மார்ச்சில்தான் இன்டோமிட்டபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்து இலங்கைக்கு வந்தது. ஏப்ரல் 9க்கு ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். வருடக்கணக்காக நம்ம வெயிலில் வெளுத்த விமானமாகக் காட்டினால் கதையே பிழை. புழுதி, எண்ணெய்க் கசிவு, புகைக்கறை, இதுதான் அதன் அழுக்கு.

கல்லடிப்பாலம்:
துணி விஷயம் எனக்குப் புதுசு, மிக்க நன்றி அண்ணன். இன்று வெயில் வந்ததும் குளோஸ் அடித்தேன், வெண்மை முக்கால்வாசி போய்விட்டது காக்கா. படம் எடுப்பதைப் பற்றியும் சொல்லுங்களேன். போனை எவ்வளவு கிட்ட வைத்தாலும் மூக்கு ஊதிப்போய், வால் மங்கிப்போய்த்தான் வருகிறது.

வாவிக்கரை:
கிட்ட வைப்பதுதான் பிரச்சினை. ஒரு மீட்டராவது தள்ளிப்போய் இரண்டு மடங்கு சூம் செய்யுங்க, மிச்சத்தை வெட்டி எடுக்கலாம். மூக்கின் ஊத்தம் போகும், வாலும் தெளிவாகும்.
அடுத்தது உயரம். நாம் மேசையைக் குனிந்து பார்க்கிற கோணத்தில் எந்த விமானமும் பொம்மைதான். நிற்கிற மனிதனின் கண் 1/72இல் இரண்டேகால் சென்ரிமீட்டர் உயரம். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் கீழே வந்து அந்த உயரத்துக்கு இறங்கும். படத்தைப் பிறகு திருப்பிக்கொள்ளலாம். பின்னால் தெரிகிற அடிவானமும் தானாகவே அந்த மட்டத்துக்கு, இறக்கைக்குக் கிட்ட, வந்து நிற்கும்.
பின்னணிக்கு நீங்கள் இருக்கிற இடத்தைவிட நல்ல இடம் கிடையாது. காலையில் வாவிப் பக்கம் போங்க. வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், எதிர்க்கரை மரவரிசை தூரத்தில் மெல்லிய கோடாக விழும். சீனக்குடாவும் நீர்க்கரை விமானத்தளம்தானே, பொருந்தும். கடல் பின்னணி வேண்டுமென்றால் பின்னேரம். காலையில் கடற்கரைக்குப் போனால் சூரியன் எதிரே நின்று விமானத்தைக் கறுப்பாக்கிவிடும்.

கல்முனைக்குடி:
தரைக்குக் கடல்மணல் அள்ளிப் போடாதீங்க தம்பி. அரை மில்லிமீட்டர் மணல் படத்தில் கருங்கல் ஜல்லியாகத் தெரியும். உலர்ந்த மண்ணைப் பழைய பருத்தித் துணியில் அரித்து, அந்தத் தூளைப் போடுங்க.

கல்லடிப்பாலம்:
சரி, ஞாயிறு காலை வாவிக்கரைக்குப் போகிறேன். புகைக்கறைக்குக் கறுப்புப் பாஸ்டல் சோக்கு உரசி வைத்திருக்கிறேன். அதை மெட்டுக்கு முன்னா, பின்னா?

வாவிக்கரை:
மெட் காய்ந்த பிறகு. முரட்டு மேற்பரப்பில்தான் தூள் பிடிக்கும். அதன்மேல் மறுபடி வார்னிஷ் அடித்தால் பாதி மறைந்துவிடும், ஆகவே விட்டுவிட்டு அந்த இடத்தில் கைபடாமல் தூக்குங்க. தனிக் கறுப்பும் வேண்டாம். ஈயம் கலந்த பெற்றோல் எரிந்த கறை சாம்பலும் மண்ணிறமுமாக இருக்கும். கறுப்பு நிறம் எஞ்சின் புகைக்குழாய்களின் வாய்க்குக் கிட்ட மட்டும் போதும், பின்னால் போகப்போக வெளிர் சாம்பல். தூரிகையை முன்னிருந்து பின்னுக்கு ஒரே திசையில் இழுங்க.