வழிகாட்டியின் கை போகும் இடம்: டைவ் பயிற்றுநர்களின் அனுபவங்கள்

தொடங்குபவர்: டைவ் மாஸ்டர்

கடலுக்குள் ஆட்களை அழைத்துப் போகும் வேலையில் இருப்பவர்கள், பயிற்சிக் காலத்தில் உங்களை மாற்றிய ஒரு சம்பவத்தை எழுதுங்கள். முதலில் நான் சொல்லிவிடுகிறேன். இது என் மனதை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

நான் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில், எங்களைக் கூட்டிப் போன மூத்த வழிகாட்டி பேத்தை மீனைக் கண்டால் விடமாட்டார். இரண்டு கையாலும் பிடித்து லேசாக அழுத்துவார். அது தண்ணீரை விழுங்கி விழுங்கிப் பந்து போல உப்பிவிடும். வந்தவர்கள் மாறி மாறி வாங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். இதுவும் வேலையில் சேர்ந்ததுதான் என்று நினைத்தேன். டைவ் மாஸ்டர் ஆனபின் நானும் அதையே செய்தேன்.

ஒருநாள் என் குழுவில் இருந்த இளைஞர், இரண்டாவது முறை இறங்கியபோது, பாறை இடுக்கில் தூங்கிக்கொண்டிருந்த ஆமையின் ஓட்டைப் பிடித்துவிட்டார். அது திமிறிக்கொண்டு ஓடியது. படகில் ஏறியதும் கண்டித்தேன். "காலையில் நீங்களும் மீனைப் பிடித்தீங்களே அண்ணா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே சந்தேகம். எனக்குப் பதில் வரவில்லை.

பேத்தை உப்புவது உயிர்ப் பயத்தில். அந்த நிலையில் அதனால் ஒழுங்காக நீந்தக்கூட முடியாது. நாம் விட்டுவிட்டுப் போன பிறகும் அது தடுமாறிக்கொண்டு கிடக்கும். அதை ஒருநாளும் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்புறம் வேறொரு பயிற்றுநரிடம் மறுபடி கற்றுக்கொள்ளப் போனேன். முதல் நாள் அவர் பாடம் எதுவும் எடுக்கவில்லை. நான் குழுவை நடத்திய 40 நிமிட டைவ் முழுக்க எல்லோருக்கும் பின்னால் வந்து வீடியோ எடுத்தார். மாலையில் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு முறை நான் திரும்பிக் குழுவைப் பார்க்கும்போதும் என் இடது கை தானாகப் போய் ஒரு கல்லைப் பிடிக்கிறது. அப்படி ஒரு பழக்கம் எனக்கு இருப்பதே அன்றுதான் தெரியும். 23 முறை. நான் பிடித்த கல்லையே எனக்குப் பின்னால் வந்த நான்கு பேரும் வரிசையாகப் பிடித்தார்கள். கிளிப்பில் மாட்டாத என் கேஜ் (சிலிண்டரின் காற்றழுத்தம் காட்டும் கருவி) கொம்புப் பவளத்தின் மேல் இழுபட்டுக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் சுண்டுவிரல் நீளக் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. முறிந்த இடம் சுண்ணாம்பு போல வெள்ளை. அங்கே வீடியோவை நிறுத்திவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

கொம்புப் பவளமாவது நல்ல சூழலில் ஆண்டுக்குப் 10 செ.மீ. வரை வளரும். உருண்டைப் பவளம் ஏறக்குறைய 1 செ.மீ.தான். அப்படியானால் நான் பிடித்துத் தொங்கிய "கல்" எத்தனை ஆண்டு வயதானதோ.

இன்ஸ்ட்ரக்டர், 11 ஆண்டுகள்

என் தவறு வெயிட்டில், அதாவது நீருக்குள் இறங்க இடுப்பில் கட்டும் ஈய எடையில், தொடங்கியது. புதிய மாணவர்கள் மேலே மிதந்து போய்விடக் கூடாதே என்று ஆளுக்கு 2 கிலோ கூடுதலாகவே கட்டுவேன். மணலில் மண்டியிட வைத்து மாஸ்க்கில் தண்ணீர் வெளியேற்றும் பயிற்சி கொடுப்பேன். எனக்கு வசதி. ஆனால் அந்தக் கூடுதல் எடையைத் தூக்க அவர்கள் பிசிடியில் (காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் சட்டை) காற்றை நிரப்பவேண்டும். மேலே காற்று, இடுப்பில் ஈயம், ஆகவே கால் கீழே தொங்கும். ஃபின் (கால் துடுப்பு) அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் மணல் புகையாகக் கிளம்பிப் பவளத்தின் மேல் படியும். பவள உயிரி அந்தத் தூசைத் தள்ள வழுவழுப்பான சளியைச் சுரக்கவேண்டும். இரை தேடவும் வளரவும் வைத்திருக்கும் சக்தியை அது அதற்குச் செலவழிக்கும்.

இப்போது சிலிண்டரில் 50 பார் காற்றழுத்தம் மீதி இருக்கும்போது, 5 மீட்டரில், பிசிடியில் காற்றே இல்லாமல் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்துத்தான் எடையை முடிவு செய்கிறேன். பெரும்பாலானவர்களுக்குக் குறைக்கவேண்டி வருகிறது. மாஸ்க் பயிற்சியும் மிதந்தபடியேதான். முதல் நாள் எல்லோரும் தள்ளாடுவார்கள், நேரம் பிடிக்கும். ஆனால் மண்டியிட்டுப் பழகியவர்களுக்குப் பயம் வந்தால் கால் தரையைத் தேடும். மிதந்து பழகியவர்களுக்கு அப்படி ஆவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்தே கிடையாது.

டைவ் கைடு

குள்ளக் கடற்குதிரை இருக்கும் கடல்விசிறி (விசிறி வடிவப் பவளம்) ஒன்றை நான் காட்டுவது வழக்கம். அந்தக் கடற்குதிரை 2 செ.மீ. கூட இருக்காது. உடம்பில் உள்ள முண்டுகள் கடல்விசிறியின் மொட்டுகளைப் போலவே இருப்பதால் கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது. பெரிய கேமராவோடு வந்த விருந்தினர் ஒருவர், அது முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால், என் கையில் இருந்த குச்சியைக் காட்டி "திருப்பி விடு" என்று சைகை செய்தார். தலையசைத்து மறுத்தேன். அவரே விரலை நீட்டினார். சத்தம் போட முடியாத இடத்தில் என்ன செய்வது? எங்கள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததைச் செய்தேன். கையைப் பிடித்து இழுக்காமல், மெதுவாக நழுவிப் போய் அவருக்கும் விசிறிக்கும் நடுவே என் உடம்பை வைத்துக்கொண்டேன். மூன்று படத்துக்கு மேல் ஃபிளாஷ் வேண்டாம் என்றும் சைகை காட்டினேன்.

படகில் நிதானமாகக் காரணத்தைச் சொன்னேன். கேட்கவில்லை. மறுநாள் அவர் எங்களோடு வரவும் இல்லை. வருமானம் போனது உண்மை. ஆனால் நாலு மாதம் கழித்தும் அந்தக் கடற்குதிரை அதே கிளையில் வாலைச் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் அல்ல.

பயிற்சி மைய நிர்வாகி

எங்கள் மையம், பவளத்துக்குத் தீங்கு வராமல் டைவ் நடத்த வழிகாட்டும் கிரீன் ஃபின்ஸ் திட்டத்தில் இருக்கிறது. 2004இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு தொடங்கியது. ரீஃப் வேர்ல்டு ஃபவுண்டேஷன் ஒருங்கிணைக்கிறது. டைவ் மையங்களுக்கு 15 நடைமுறைகள் உண்டு. மதிப்பீட்டாளர் எங்கள் படகில் வந்து, டைவுக்கு முன் நாங்கள் பேசுவதைக் கேட்டு, கூடவே நீருக்குள்ளும் இறங்கினார். நங்கூரம் போடாமல் மிதவையில் கட்டுவதால் அங்கே பிரச்சினை இல்லை. நாங்கள் சறுக்கியது பேச்சில்தான். எங்கள் ஆட்கள் "எதையும் தொடாதீங்க" என்ற ஒரே வரியோடு முடித்துவிட்டார்கள். இப்போது ஏன் என்பதையும் சொல்கிறோம். பவளம் பாறை மாதிரி தெரிந்தாலும் அதன் மேல் இருப்பது மெல்லிய உயிருள்ள தோல் என்று சொன்னதும் ஆட்களின் முகமே மாறுகிறது. கையுறையும் தருவதில்லை. கையுறை போட்ட கை துணிந்து எதையும் பிடிக்கிறது.

தொடங்கியவர் மறுபடி

எல்லோருக்கும் நன்றி. அந்த 2 கிலோ விஷயத்தை இந்த வாரமே என் குழுவில் சரிபார்க்கிறேன்.

நேற்று நடந்தது ஒன்று. இப்போது என்னிடம் பயிற்சியில் இருக்கும் பெண் முதன்முறையாகக் குழுவை நடத்தினார். நான் எல்லோருக்கும் பின்னால், கேமராவோடு. ஆமை ஒன்று மூச்சு வாங்க மேலே கிளம்பியது, நேராகக் குழு இருந்த பக்கம். அவர் இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். சைகைகூடக் காட்டவில்லை. பின்னால் இருந்த மூன்று பேரும் அதேபோல் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். ஆமை நடுவே ஏறிப் போனது. மாலையில் அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி அவருக்குக் காட்டினேன்.