சைக்கிள் ஓட்டும் அப்பாவுக்கு அவசர அடையாள அட்டை: வியர்வையில் அழியாமல் இருக்க என்ன வழி?

கடலோர மகள்:
அப்பாவுக்கு 63 வயது. ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் விடியற்காலையில் திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை சைக்கிளில் போய் வருவார். போன மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணல் சறுக்கி விழுந்து, கொஞ்ச நேரம் நினைவில்லை. ஓடிவந்த டீக்கடை அண்ணனால் போனைத் திறக்க முடியவில்லை. ஜெர்சிப் பையில் லேமினேட் அட்டை இருந்தது. ஆனால் ஓரமாக வியர்வை இறங்கி, என் நம்பரின் கடைசி நான்கு எண்களும் நீலக் கறையாகிவிட்டன. நல்லவேளை, ஸ்கேனில் ஒன்றுமில்லை. சைக்கிளை விடச் சொல்ல மனசு வரவில்லை. எதில் எழுதி, எங்கே மாட்டிவிடுவது?

மிதிக்காரன்:
தாளை ஒட்டியே கத்தரித்திருப்பார்கள். சுற்றிலும் அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் விட்டு வெட்டினால்தான் நீர் இறங்காது. இங்க் பேனாவும் வேண்டாம். ஆனால் அதைவிட நல்ல வழி உண்டு. பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவரிடம் சின்ன எவர்சில்வர் தகடு கொடுங்கள். நான்கு வருடமாக என் கையில் இருக்கிறது, இன்னும் விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படுகிறது. சைக்கிளில் மட்டும் மாட்டாதீர்கள். ஆம்புலன்ஸ் ஆளைத்தான் ஏற்றும், சைக்கிள் ரோட்டோரம் கிடக்கும். ஹெல்மெட்டும் அப்படித்தான்.

வார்டு செவிலி:
மணிக்கட்டில் கட்டுங்கள் தங்கச்சி, நாடி பார்க்க நாங்கள் முதலில் பிடிப்பது அங்கேதான். எல்லோரும் ரத்த வகையைப் பெரிதாக எழுதுகிறார்கள். எழுதியிருந்தாலும் நாங்கள் சோதித்துவிட்டுத்தான் ஏற்றுவோம். அந்த இடத்தில் 'ஸ்டென்ட், குளோபிடோக்ரல்' என்று வெட்டுங்கள். தலையில் அடிபட்டவருக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா என்பது உடனே தெரிந்தாக வேண்டும். மருந்துப் பெயர் ஆங்கிலத்தில், 'மகள்' என்று தமிழில் போட்டு உங்கள் நம்பர். இன்னொரு நம்பரும் வேண்டும். ஆதார் நகல் தேவையில்லை.

கடலோர மகள்:
நன்றி அக்கா. போனிலும் விவரம் போட்டேன், லாக் திரையில் வரவில்லையே?

மிதிக்காரன்:
ஆண்ட்ராய்டில் லாக் திரையின் 'அவசரம்' பட்டனை அழுத்தினால்தான் வரும். அப்படியும் வராவிட்டால், பூட்டியிருக்கும்போது காட்டும் அனுமதி அணைந்திருக்கும். ஐபோனில் அது ஹெல்த் ஆப்பின் மெடிக்கல் ஐடிக்குள் இருக்கிறது. அப்புறம், அந்த டீக்கடை அண்ணனிடம் சொல்லுங்கள்: தயங்காமல் 108 கூப்பிடலாம். உதவியவர் தன் பேரைச் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை, மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ-வின் கீழ் வந்த விதிகள் அதைத்தான் சொல்கின்றன.

கடலோர மகள்:
தகடு வெட்டி வாங்கிவிட்டேன். விளிம்பு உரசுகிறது என்கிறார். உள்பக்கம் பழைய வேட்டித் துணி வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.